இரண்டு இரவுக்குப் புதுச்சேரி: எந்தப் பக்கம் அறை எடுப்பது?

புதுச்சேரியில் குடியிருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். வாரக் கடைசி நெருங்கினால் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ யாராவது ஓர் உறவினர் அழைத்துவிடுவார். "ரெண்டு நாள்தான். பீச்சுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துச் சொல்லுங்கள்." எந்தப் பீச், ஊரின் எந்தப் பக்கம், கூட யார் வருகிறார்கள், காரா பஸ்ஸா என்று திருப்பிக் கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அறை எடுத்தவர்கள்தான் சனிக்கிழமை இரவு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த ஊரில் அறை எடுக்க நான் சொல்லும் அளவுகோல் எளிது. பகலில் எப்படியும் நீங்கள் அறையில் இருக்கப்போவதில்லை. ஆசிரமம், அருங்காட்சியகம், ஆரோவில், சுண்ணாம்பாறு என்று சுற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள். தங்கும் இடத்தின் குணம் தெரிவது இரண்டே பொழுதுகளில். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் என்ன இருக்கிறது? இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எப்படித் திரும்பி வருவீர்கள்? இந்த இரண்டையும் வைத்து இடத்தைத் தேர்ந்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

முதலில் வரைபடத்தைத் திறங்கள்

கைப்பேசியில் புதுச்சேரி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கடலோரத்தில் ஒரு முட்டை வடிவம் தெரியும். வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நான்குக்கும் உள்ளே இருப்பதுதான் பழைய நகரம். உள்ளூரில் புல்வார்டு என்பார்கள். கிழக்கு மேற்காக ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளும், வடக்கு தெற்காக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிவிடும். குறுகிய பயணத்துக்கு வருபவர்கள் இந்தக் கோட்டுக்குள் தங்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உள்ளே வழி தப்புவது கடினம். 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஆறேழு ஆண்டுகளே இருந்தார்கள். அதற்குள் நேர்க்கோட்டுத் தெருக்களுக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோதும் அதே கட்ட அமைப்பைத்தான் பின்பற்றினார்கள். அதனால் இன்றும் எந்த வீதியில் நின்றாலும் ஒன்று கடலுக்கு இணையாகப் போகும், இல்லையென்றால் கடலை நோக்கிப் போகும். கிழக்கே நடந்துகொண்டே இருந்தால் கடல் வந்துவிடும்.

இந்த முட்டையை நெடுக்காகப் பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. அதன் இரு கரைகளிலும் செஞ்சி சாலையும் ஆம்பூர் சாலையும் ஓடுகின்றன. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது வைட் டவுன், அதாவது பழைய பிரெஞ்சுப் பகுதி. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. அதற்குள்ளேயே கோயில் தெருக்கள், தேவாலயத்தைச் சுற்றிய மிஷன் வீதி, தெற்கே முஸ்லிம் குடும்பங்கள் வாழும் காசி வீதி, முல்லா வீதி எல்லாம் அடக்கம். வீதிகளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். புஸ்ஸி வீதிதான் லால் பகதூர் சாஸ்திரி வீதி. செஞ்சி சாலைதான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. விடுதிக்காரர் ஒரு பெயரையும் வரைபடம் வேறொரு பெயரையும் சொன்னால் பதற வேண்டியதில்லை. ஆட்டோக்காரருக்கு இரண்டும் தெரியும்.

அடுத்து, யார் வருகிறார்கள்

கூட வருபவர்களைப் பொறுத்துத்தான் பகுதி. எழுபது வயது அம்மாவோடு வருகிற குடும்பத்துக்கும், கல்லூரி முடித்த நான்கு நண்பர்களுக்கும் ஒரே விடுதியைப் பரிந்துரைப்பவர் இரண்டு தரப்பின் சாபத்தையும் வாங்கிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஜிப்மர் மருத்துவமனைக்காக வருபவர்கள் நகரின் நடுவே தங்காதீர்கள். ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். புறநோயாளிப் பிரிவுக்கு விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும். கோரிமேட்டைச் சுற்றியே சிறு விடுதிகள் உண்டு. கடலை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

வைட் டவுன்: வடக்கும் தெற்கும் வேறு வேறு

வைட் டவுனை எல்லோரும் ஒரே பகுதியாகப் பேசுகிறார்கள். தங்கிப் பார்த்தால் பாரதி பூங்காவுக்கு வடக்கே ஓர் ஊர், தெற்கே இன்னோர் ஊர்.

வடக்குப் பக்கம் அரவிந்தர் ஆசிரமமும் மணக்குள விநாயகர் கோயிலும் இருக்கின்றன. இங்கே நாள் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிகிறது. அதிகாலையிலேயே கோயில் திறந்துவிடும். ஊதுவத்தியும் அருகம்புல்லும் மல்லிகையும் கலந்த மணம் தெருவில் வரும். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. ஆனாலும் வாசலில் பிள்ளைகள் யானை எங்கே என்று கேட்பது நிற்கவில்லை. பெரியவர்களோடு வருபவர்களுக்கு இந்தப் பக்கம் ஏற்றது. வாசலிலிருந்து கோயிலுக்கும், பூங்காவுக்கும், கடலுக்கும் மெல்ல நடந்தே போய்விடலாம். அரசு பொது மருத்துவமனையும் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரியவர்களோடு வருபவர்களுக்கு ஒரு தைரியம்.

தெற்குப் பக்கம் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதி, புஸ்ஸி வீதி. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலப் பெயர்ப்பலகை என்று படங்களில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். உணவகங்களும் பேக்கரிகளும் பழைய மாளிகைகளில் நடக்கும் விடுதிகளும் நெருக்கமாக இருக்கின்றன. வாடகை அதிகம். காலை ஆறு மணி இங்கே சொர்க்கம். தேவதைகளின் அன்னை தேவாலயத்தின் முன்னால் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆனால் பத்து மணிக்கு மேல் கைப்பேசியும் கையுமாகப் படம் எடுக்க வருபவர்கள் வீதியை நிறைத்துவிடுவார்கள். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டின் வாசற்படியில் யாரோ ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். இரவு உணவகங்கள் மூடும் வரை சத்தம் இருக்கும். இளையவர்களுக்கு அதுவே கொண்டாட்டம்.

இங்கே இன்னொரு சிக்கல், காலையில் இட்லி. தெற்கு வைட் டவுனில் பகேத், க்ருவாசான் போன்ற பிரெஞ்சு ரொட்டிகள் கிடைக்கும் அளவுக்கு இட்லி வடை எளிதாகக் கிடைக்காது. வாய்க்காலைத் தாண்டினால் கிடைக்கும். பத்து நிமிட நடைதான். ஆனால் காபி குடிக்காமல் பத்து நிமிடம் நடக்க முடியாத மாமனார்கள் உண்டு, கணக்கில் கொள்ளுங்கள்.

ஆசிரம விருந்தினர் இல்லங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் பார்க் கெஸ்ட் ஹவுஸ், வாய்க்கால் ஓரமாக இன்டர்நேஷனல் கெஸ்ட் ஹவுஸ் என்று சில இருக்கின்றன. சுத்தமாக இருக்கும், வாடகை நியாயமாக இருக்கும். மது, புகை இரண்டுக்கும் இடமில்லை. இரவு பத்தரை வாக்கில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இந்தக் கட்டுப்பாடு உங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லையென்றால், கடலைப் பார்த்த அறைக்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி எனக்குத் தெரியாது. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வந்து நின்று கேட்டால் வாரக் கடைசியில் கிடைப்பது அபூர்வம்.

கடல் பார்த்த அறை கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இது கிழக்குக் கடற்கரை. கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று அறை கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கே கடலில் உதயம்தான். காலை ஆறு மணிக்கெல்லாம் வெயில் நேரே கட்டிலில் விழும். பத்து மணி வரை தூங்குகிறவர் அந்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

வாய்க்காலுக்கும் காந்தி வீதிக்கும் நடுவே

என்னைக் கேட்டால் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருத்தமான இடம் இதுதான். வாய்க்காலின் மேற்குக் கரை தொடங்கி மிஷன் வீதி, காந்தி வீதி வரையிலான பகுதி. கடலுக்கு நடந்து போக இடத்தைப் பொறுத்து பத்து முதல் பதினைந்து நிமிடம். சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். வாடகை வைட் டவுனைவிடக் குறைவு. ஊரும் ஊராக இருக்கும்.

வைசியாள் வீதியும் பெருமாள் கோயில் வீதியும் ஈசுவரன் கோயில் வீதியும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. வைசியாள் வீதியில் ஒரு முறை கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பாருங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, அதற்குள் திண்ணை. கீழ்த்தளம் இப்படி நம் வீடாக இருக்க, சில வீடுகளின் மாடி மட்டும் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் சுண்ணாம்பு வேலைப்பாடுமாகப் பிரெஞ்சுச் சாயலில் நிற்கும். உள்ளே முற்றம். இத்தகைய வீடுகள் சிலவற்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள் இருப்பதால் தெருச் சத்தம் உள்ளே வராது. ஆனால் முற்றத்தில் பேசுகிற சத்தம் எல்லா அறைகளுக்கும் கேட்கும். பக்கத்து அறையில் சீட்டாடும் கூட்டம் இருந்தால் அன்று சிவராத்திரிதான். மாடிப் படிகள் பெரும்பாலும் செங்குத்தான மரப்படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தள அறை என்று உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

வேதபுரீஸ்வரர் கோயிலும் வரதராஜப் பெருமாள் கோயிலும் காந்தி வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. பாரதியார் வாழ்ந்த வீடு ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் நினைவகமாக இருக்கிறது. இவை எல்லாம் காலை வெயில் ஏறுவதற்குள் நடந்தே பார்த்துவிடக்கூடியவை. பத்து மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் நடப்பது புண்ணியம் சேர்க்கும் காரியமே தவிர இன்பம் தராது.

வாய்க்கால் ஓரத்து அறைகளில் ஒரு குறை. கோடையில் தண்ணீர் வற்றினால் நாற்றம் வரும். அந்தச் சாலைகளில் அறை எடுத்தால் வாய்க்காலைப் பார்க்காத ஜன்னலாகக் கேளுங்கள். ஒரு வீதி தள்ளி உள்ளே போய்விட்டால் இந்தக் கவலை கிடையாது.

இன்னும் தெற்கே காசி வீதி, முல்லா வீதிப் பக்கம் விடுதிகள் குறைவு. சில பழைய வீடுகளில் அறைகள் கிடைக்கின்றன. வைட் டவுனின் தெற்குப் பகுதிக்கு வாய்க்காலைத் தாண்டினால் போதும். நோன்பு மாதத்தில் மாலை நேரம் இந்த வீதிகளில் கஞ்சி மணக்கும். அமைதியான இடம். பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டும்

நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட் சுற்றியுள்ள லாட்ஜுகள் வாடகையில் மலிவு. காலை ஆறு மணிக்கு வாசலைத் திறந்தால் மீன்கூடை, வாழைத்தார், மூட்டை இறக்கும் வண்டி. மார்க்கெட்டுக்குள் போனால் மீன் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரை அவர்கள் பார்வையாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பரபரப்பை ரசிப்பவருக்கு இது நல்ல இடம். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் காலைக் காபி கிடைக்கும். துணிமணி, செருப்பு, மருந்து எது வேண்டுமானாலும் கைக்கெட்டும் தூரம்.

தூக்கம் மெல்லியதாக உள்ளவர் இங்கே வரவேண்டாம். பகல் முழுவதும் ஹாரன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும். நடைபாதையில் தொடங்கிப் பாதி வீதி வரை துணியும் பாத்திரமும் பரப்பி வைத்திருப்பார்கள். அன்று ஆட்டோ உங்கள் விடுதி வாசலுக்கு வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணா சாலை வரை நடக்கத் தயாராக இருங்கள்.

ரயில் நிலையமும் பஸ் நிலையமும்

சுப்பையா சாலையில் ரயில் நிலையம் இருக்கிறது; அருகிலேயே இருதய ஆண்டவர் பசிலிக்கா. நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலைக் காந்தி சிலைக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவில்தான். இந்த ஊருக்கு ரயில்கள் குறைவு, எனவே நிலையத்தைச் சுற்றி எந்நேரமும் கூட்டம் இருக்காது. தேவாலயத்துக்காக வருபவர்கள் இங்கே தங்கலாம். மற்றவர்களுக்கு அவ்வளவு காரணமில்லை.

பஸ் நிலையம் மறைமலை அடிகள் சாலையில் இருக்கிறது. புல்வார்டுக்கு வெளியே, கடலிலிருந்து இரண்டரை மூன்று கிலோமீட்டர். அதைச் சுற்றி லாட்ஜுகள் ஏராளம். அவற்றுக்குச் சமமாக மதுக்கடைகளும் ஏராளம். இரவு பன்னிரண்டு மணிக்கு இறங்கி விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் போகிறவருக்கு இது வசதி. குழந்தைகளோடு இரண்டு நாள் தங்க இடமல்ல. இங்கே மிச்சம் பிடிக்கும் பணம் கடற்கரைக்கும் திரும்புவதற்குமான ஆட்டோவில் கரைந்துவிடும். ஆட்டோக்களில் மீட்டர் போட்டு வருவதை எதிர்பார்க்காதீர்கள். ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுவது இங்கே பழக்கம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர் சொல்வதுதான் விலை. நடந்தே திரும்பும் தூரத்தில் அறை எடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

"பீச்சுக்கு ஐந்து நிமிடம்" என்ற விளம்பரம்

இணையத்தில் அறை தேடும்போது மிகவும் ஏமாற்றுவது இந்த ஒரு வரிதான். கடல் இந்த ஊரின் முழு நீளத்துக்கும் இருக்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் எல்லாமே கடலோரம்தான். அவை மீனவர் குடியிருப்புகள். அங்கே ஐந்து நிமிடத்தில் நீங்கள் போய்ச் சேரும் கடற்கரையில் படகும் வலையும் பாறைக் குவியலும்தான் இருக்கும். நீங்கள் மனதில் நினைத்துக்கொண்டு வந்த காந்தி சிலைக் கடற்கரை தெற்கே இருக்கிறது. அதேபோல வாய்க்காலுக்கு மேற்கே, சில சமயம் புல்வார்டுக்கே வெளியே இருக்கும் விடுதிகளும் பெயரில் வைட் டவுனைச் சேர்த்துக்கொள்கின்றன.

செரினிட்டி பீச் என்று வருவது கோட்டக்குப்பத்தில் இருக்கிறது. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். மணல் உண்டு, அலைச்சறுக்கு உண்டு, ஆரோவில்லும் பக்கம். ஆனால் நகரத்தைப் பார்க்க வருகிறவர் அங்கே தங்கினால் ஒவ்வொரு மாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் ஊருக்குள் வந்து போக வேண்டும். இன்னொன்று: புதுச்சேரியில் வாங்கிய மதுப்பாட்டிலோடு அங்கே அறைக்குத் திரும்பினால் மாநில எல்லையைத் தாண்டிய குற்றம். சோதனைச் சாவடியில் "இதோ, பக்கத்துத் தெருதான் சார்" என்பது எடுபடாது.

நகரக் கடற்கரையிலும் மணலை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களில் துறைமுகத்துக்காகத் தடுப்புகள் கட்டியபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு, கடற்கரை அரித்துப்போனது. அதனால்தான் கருங்கல் பாறைகள். பின்னர் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததில் தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. குழந்தைகள் மணல் வீடு கட்ட அது போதும். குளிக்க இறங்காதீர்கள், இழுவை அதிகம், உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன. இங்கே நடப்பதுதான் சுகம். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தாத்தாக்கள், குழந்தைகள், சுண்டல்காரர்கள், சீருடையில் சிவப்புத் தொப்பிக் காவலர்கள் எல்லோரும் நடுச்சாலையில் நடப்பார்கள். இந்த நடைக்கு அறையிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட முடிய வேண்டும். அதுதான் சரியான தூரம்.

தேதியைப் பாருங்கள்

வாரநாளில் கிடைக்கும் அறை வெள்ளி, சனியில் அதே விலைக்குக் கிடைக்காது. செவ்வாய், புதன் வர முடிந்தால் வைட் டவுனே உங்கள் கைக்குள் வந்துவிடும். ஆசிரமத்தின் தரிசன நாட்களான பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவற்றையொட்டி வடக்குப் பக்கத்து அறைகள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள், நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்து சுவாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் வடக்குப் பக்கம் போக்குவரத்து நின்றுவிடும். டிசம்பர் 31 பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அன்று வைட் டவுனுக்குள் வண்டியைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு கேட்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் கடலூரோடு நின்றுவிடுவது உத்தமம்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இவை புல்வார்டுக்கு வெளியே இருப்பவை. மலிவாக வீட்டு அறைகள் கிடைக்கும். மழைமாதத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு தொலைபேசி

இணையத்தில் பதிவு செய்தாலும் விடுதியை நேரில் அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். முதல் கேள்வி, எந்த வீதி, எந்த வீதியோடு சேரும் முனை என்பது. "பீச் பக்கம்தான் சார்" என்றால் விடாதீர்கள். வீதி முனையைச் சொல்லத் தயங்கும் விடுதி பெரும்பாலும் புல்வார்டுக்கு வெளியே இருக்கும்.

இரண்டாவது, ஜன்னல். படத்தில் திரைச்சீலை போட்டிருப்பார்கள். திரைக்குப் பின்னால் என்ன என்பது தெரியாது. ஒரு லாட்ஜில் நான் கேட்டபோது நடந்த உரையாடல் இது.

"அண்ணே, ஜன்னல் தெருப் பக்கமா?"

"ஏசி ரூம் சார். ஜன்னல் எதற்கு?"

"காற்று வர."

"ஏசியில் காற்று வருமே சார்."

அவர் நேர்மையானவர் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல், அல்லது ஜன்னலே இல்லை என்பதை வேறெப்படிச் சொல்ல முடியும்? கடற்காற்று வீசும் ஊரில், உப்பு ஈரம் சுவரில் இறங்கும் பழைய கட்டடத்தில், காற்றோட்டம் இல்லாத அறை இரண்டாம் நாள் பூசணம் மணக்கும். எனவே இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா. பழைய வீடுகளில் இருக்காது. நான்காவது, கேட் எத்தனை மணிக்கு மூடும். ஐந்தாவது, மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கா, உள்ளே வந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பஸ்ஸில் வர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அதிகாலையில் கிளம்பினால் பத்து மணிக்கு முன்பே வந்து நிற்பீர்கள். அறை தயாராகும் வரை பெட்டியையாவது வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவையுங்கள். பெரியவர்கள் அனைவருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், ஒருவருடையது போதாது. மணமாகாத இருவர் சேர்ந்து வருவதானால் அறை தருவார்களா என்பதையும் முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். சில விடுதிகள் வாசலில் வைத்து மறுக்கும்.

காரில் வருபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. வைட் டவுனில் வண்டி நிறுத்தும் இடம்தான் உண்மையான பஞ்சம். பல வீதிகள் ஒருவழி. "பார்க்கிங் இருக்கிறது" என்றால் சொந்த வளாகத்திலா, வீதி ஓரத்திலா என்று கேளுங்கள். வீதி ஓரம் என்றால் சனிக்கிழமை மாலை வெளியே எடுத்தால் திரும்ப வைக்க இடம் கிடைக்காது. கடற்கரைச் சாலையில் வாசல் உள்ள விடுதியானால் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாளும் வண்டியைத் தொடாமல் நடப்பதே எனக்குத் தெரிந்த தீர்வு. ஆரோவில்லுக்கோ சுண்ணாம்பாற்றுக்கோ போகும் அன்று மட்டும் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய எட்டு, பத்து கிலோமீட்டர், ஒன்று வடக்கே, இன்னொன்று தெற்கே. பஸ்ஸில் வந்தவர்கள் மிஷன் வீதிப் பக்கம் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம். ஓட்டுநர் உரிமமும் தலைக்கவசமும் கட்டாயம். எடுக்கும்போதே வண்டியில் இருக்கிற கீறல்களை அவர் கண்ணெதிரே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைத் திறக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள், கழிவறை ஈரத்தைப் பாருங்கள், ஜன்னலைத் திறந்து மூடுங்கள். பிடிக்கவில்லையென்றால் அப்போதே சொன்னால்தான் வேறு அறை மாற்றித் தருவார்கள். இரவு பத்து மணிக்குச் சொன்னால் "மேனேஜர் காலையில் வருவார் அம்மா" என்று பதில் வரும். மதிய வேளையில் கடை வீதிக்குக் கிளம்பாதீர்கள். ஒரு மணி வாக்கில் கடையை மூடி நான்கு மணிக்குத் திறக்கும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. நீங்களும் அந்த நேரம் படுத்துவிட்டு வெயில் தாழ எழுந்திருங்கள்.

திரும்பும் டிக்கெட்டை வரும்போதே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் சென்னை பஸ்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மதியம் மூன்றுக்குள் கிளம்பினால் உட்கார்ந்து போகலாம். முன்பதிவு கிடைக்காவிட்டால் திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்களையும் பாருங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்களைவிட அவற்றில் நெரிசல் பெரும்பாலும் குறைவாக இருக்கும். விடுதியைக் காலையிலேயே காலி செய்ய வேண்டுமானால் பெட்டியை வரவேற்பு மேசையில் விட்டுவிட்டு, டோக்கனோ சீட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். காந்தி வீதிப் பக்கம் தங்கியிருந்தால் சண்டே மார்க்கெட் கூடுவதற்குள், காலை ஒன்பதுக்கு முன்னாலேயே பெட்டிகளை அண்ணா சாலைப் பக்கம் கொண்டுவந்துவிடுவது நல்லது.